வாசனை: ஆட்சேபணைக்கு இடமில்லை

1994இல், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு காலையில், ஐந்து லிட்டர் கேனைக் குடம்போல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓர் அம்மா எங்கள் குடிநீர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். திருவனந்தபுரம் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் வீடு. மதிலை ஒட்டி ஒரு முலாம் பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் குளியலறைக் குழாய்க்கும் குரோம் ஏற்றுகிற இடம். கொஞ்ச நாளாகக் கிணற்று நீரில் ஏதோ மணம். “மோளே, இது குடிக்காமோ?” என்று கேட்டார்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். சாக்கடை நாற்றம் இல்லை, இரும்பு வாடை இல்லை. இனிப்பு மணம். கல்லூரி ஆய்வகத்தில் குளோரோஃபார்ம் குப்பியைத் திறக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வகை. பதிவேட்டில் எண் போட்டுக் கேனை வரிசையில் வைத்தேன். அதன் முறை மூன்றாம் நாள் வந்தது. மூடி சரியாக இறுகாத கேன். திறந்தபோது ஒரு மணமும் இல்லை. அச்சடித்த படிவத்தில் வாசனை என்ற இடத்துக்கு நேரே “ஆட்சேபணைக்கு இடமில்லை” என்று எழுதினேன். கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு, நைட்ரேட் எல்லாம் அளவுக்குள். கோலிஃபார்ம் கொஞ்சம் இருந்தது. திறந்த கிணறுகளில் வழக்கமாக இருப்பதுதான். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முலாம் ஏற்றுவதற்கு முன் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ட்ரைக்ளோர்எத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துவார்கள் என்பதையும், அதன் மணம் இனிப்பு என்பதையும் பின்னால்தான் படித்தேன். தண்ணீரைவிடக் கனமானது. மண்ணில் சிந்தினால் நிலத்தடி நீரின் அடிக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். ஆனால் காற்றுப் பட்டால் ஓடிவிடும். அப்படிப்பட்ட மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பிக் குளிரில் வைக்க வேண்டும். நான் பிளாஸ்டிக் கேனில் மூன்று நாள் மேசைக்கடியில் வைத்திருந்தேன்.

ஒரு தண்ணீரை நல்லது என்று சொல்ல இந்த ஊர் எந்தக் காலத்தில் எதை எதை அளந்தது என்று அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். அந்த அம்மாவின் கேன்தான் காரணம்.

என் தாத்தா நாகர்கோவிலிலிருந்து வந்து சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடை போட்டவர். வீடு கரமனையில். அவர் வந்த காலத்துத் திருவனந்தபுரம் கிணற்றையும் குளத்தையும் ஆற்றையும் நம்பிய ஊர். ஆச்சிக்கு நீரைப் பார்க்க மூன்று வழிகள் இருந்தன. துவரம்பருப்பு மலர்ந்து வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, தேயிலைத் தண்ணீர் கறுக்கிறதா. ரசாயனம் படித்த பிறகு எனக்கு விளங்கியது: முதலிரண்டும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, மூன்றாவது, இரும்பும் தேயிலையின் டானினும் கூடிப் போடுகிற மை. அந்தக் காலத்துப் பேனா மையும் அதே சேர்க்கைதான். கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டுகிற பொருள்வரை ஆச்சியின் கணக்கு தப்பியதில்லை.

எட்டாதது காலரா. அதற்காகத்தான் அருவிக்கரையில் கரமனை ஆற்றைத் தடுத்து, தண்ணீரைக் குழாய் வழியே வெள்ளயம்பலத்துக்குக் கொண்டுவந்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து நகரத்துக்கு விட்டார்கள். சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1933 டிசம்பரில், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அதைத் திறந்துவைத்தார். அவர் பெயரே அந்த நீர்நிலையத்துக்கு. குழாய்த் தண்ணீர் பூஜைக்கு ஆகாது என்று ஆச்சி கடைசிவரை கிணற்றில்தான் சாமிக்கு எடுத்தாள். குடிக்க மட்டும் குழாய்.

குழாய் வந்தும் இந்த ஊர் கொதிக்கவைப்பதை விடவில்லை. கேரளத்து வீட்டில் விருந்தாளிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். கரிங்காலிக் கட்டையோ பதிமுகமோ சீரகமோ போட்டுக் கொதித்த தண்ணீர். சாப்பாட்டுக் கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் வருமே, அது. தாகசமனி என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் மருந்து என்று தயங்குவார்கள். இந்தப் பழக்கம் காப்பாற்றிய உயிர்களை நான் பெரிதாக நினைக்கிறேன். நுண்ணுயிர் மட்டுமே எதிரியாக இருந்தவரை, இதைவிட நல்ல காவல் ஒரு வீட்டுக்குள் இருக்க முடியாது.

அந்த எதிரிக்கு வரம்பு வைப்பதும் எளிதாக இருந்தது. சோதனைக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, சத்துக் கரைசலில் தண்ணீரைக் கலந்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். கிருமி இருந்தால் உள்ளே காற்றுக்குமிழி கட்டும். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடக் கூடாது என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குமிழி கட்டாத குழாய்களைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ரசாயனம் அப்படிக் குமிழி கட்டிக் காட்டாது.

அது எங்கள் கரைக்கு வந்த கதை மணலில் தொடங்குகிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மணவாளக்குறிச்சிக் கரையைக் கண்டுபிடித்தார். அந்தக் கருமணலின் இல்மனைட்டை வைத்து 1946இல் கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனம் உருவானது. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெள்ளை நிறமி எடுக்கிற முறை. மிஞ்சுவது இரும்பு சல்பேட்டும் நீர்த்த அமிலமும். அது கடலுக்குப் போக, கரையோரம் சிவந்து கிடந்தது பல பத்தாண்டுகளாக ஊரறிந்த காட்சி. சிவப்பு கண்ணில் பட்டது, அதனால் ஊர் கேள்வி கேட்டது. வடக்கே மாவூரில் 1963இல் உற்பத்தி தொடங்கிய ரேயான் ஆலையின் கழிவு சாலியாற்றில் கலந்தபோதும் அப்படித்தான்: ஆறு கறுத்தது, மீன் செத்தது, வாழக்காட்டுக்காரர்கள் எழுந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற கே.ஏ. ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். ஆலை 2001இல் மூடியது. 1974இல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்ததும், அதே செப்டம்பரில் கேரளம் தன் வாரியத்தை அமைத்ததும் இந்தக் காலத்துக்குள்தான்.

நிறமும் நாற்றமும் இல்லாமல் தண்ணீரில் கரைந்து நிற்கிற பொருளுக்கு யார் எழுவார்கள்? அதற்கு எண் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1958இல் குடிநீருக்கான முதல் சர்வதேச அளவுகளை வெளியிட்டது. நம் நாட்டுத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, வந்தது 1983இல். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த ஆண்டு. கரமனை ஆற்றில் பேப்பாறை அணை எழுந்ததும் அந்த ஆண்டு. அடுத்த ஏப்ரலில் கேரள வாட்டர் அதாரிட்டி பிறந்தது. எல்லாம் புதிதாகத் தொடங்குகிற காலம் என்று இருபத்தைந்து வயதில் தோன்றியது.

எண் எப்படிப் பிறக்கிறது என்பதை என் அனுபவத்தில் யாரும் பொதுமக்களுக்குச் சொன்னதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எலிக்கு ஒரு பொருளைத் தினமும் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த அளவில் தீங்கு தெரியவில்லையோ, அதை எடுத்துக்கொள்வார்கள். எலி வேறு மனிதன் வேறு என்பதற்குப் பத்தால் வகுப்பார்கள். மனிதருக்குள்ளும் குழந்தை, கர்ப்பிணி, நோயாளி உண்டு என்பதற்கு இன்னொரு பத்து. பிறகு உணவிலும் காற்றிலும் வருவதற்கு இடம்விட்டு, தண்ணீருக்கு ஒரு பங்கு. கடைசியாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 2 லிட்டர் குடிக்கிறார் என்று வைத்து ஒரு லிட்டருக்கு இத்தனை என்று வரும். அந்த 2 லிட்டரைப் பார்க்கும்போதெல்லாம் சாலைக் கம்போளத்தில் அரிசி மூட்டை இறக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் என் நினைவுக்கு வருவார்கள். மார்ச் மாத வெயிலில் அவர்கள் மத்தியானத்துக்குள் அந்த 2 லிட்டரைக் குடித்து முடித்திருப்பார்கள். எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் ஓர் உடம்பு கற்பனை செய்யப்பட்டிருக்கிறது. அது நம் ஊர் வெயிலில் மூட்டை தூக்குகிற உடம்பு இல்லை.

1991இல் திருத்திய பதிப்பு வந்தது. நாங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தது அதன் அட்டவணையைத்தான். எண்களுக்கு இரண்டு பத்திகள். ஒன்று விரும்பத்தக்க அளவு. மற்றது, மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க அளவு. கரைந்த உப்புகள் முதல் பத்தியில் 500, இரண்டாவதில் 2000. வேறு கிணறு இல்லாதவரின் சிறுநீரகம் நான்கு மடங்கு தாங்கும் என்று எந்த எலியும் சொல்லியிருக்காது. பொறியாளரின் நெருக்கடியை நான் அறிவேன். கிணற்றை மூடு என்றால் அடுத்த கேள்வி எங்கே போவது என்பதுதான். ஆனாலும் அந்தத் தலைப்பை முதல்முறை வாசித்தபோது என் பேனா நின்றுவிட்டது.

அதே அட்டவணையில் பூச்சிக்கொல்லிக்கு எதிரே முதல் பத்தியில் ‘இல்லை’ என்று இருந்தது. கேட்கக் கண்டிப்பாகத் தோன்றும். புட்டித் தண்ணீருக்கான விதியும் அப்படியே, ‘கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே’ என்றது. யாருடைய கருவி கண்டறியக்கூடிய அளவு? ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டர் வந்த பிறகுதான் உலகம் டிடிடியை நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் பார்க்கத் தொடங்கியது. அந்தக் கருவி இல்லாத ஆய்வுக்கூடத்தில் எல்லாத் தண்ணீரும் விதிக்கு உட்பட்டதுதான். மந்தமான கருவி வைத்திருப்பவருக்கு நல்ல ரிப்போர்ட் கிடைக்கும்.

2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அதை உடைத்தது. டெல்லியிலிருந்து 17, மும்பையிலிருந்து 13 புட்டித் தண்ணீர் வகைகளை நுட்பமான கருவியில் வைத்துப் பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காட்டினார்கள். ஆகஸ்டில் குளிர்பானங்கள். சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்து, 2004 பிப்ரவரியில் மையத்தின் கண்டுபிடிப்பு சரி என்றது. இதற்கிடையில் புட்டித் தண்ணீருக்கு எண் வந்துவிட்டது: ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்த்து 0.0005. ‘கண்டறிய முடியாதது’ என்ற சொல் போய் எண் வந்த அன்று எங்கள் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான் பேச்சு. எனக்கு ஒன்பது ஆண்டு பழைய கேன் ஞாபகம் வந்தது.

எண்டோசல்ஃபானை நகரம் மறக்காது. காசர்கோட்டில் கேரள பிளான்டேஷன் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள்மேல் 1970களின் கடைசியிலிருந்து 2000வரை ஹெலிகாப்டரில் தெளித்த பூச்சிமருந்து. பட்றே ஊரில் டாக்டர் மோகன் குமார் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். விவசாய அதிகாரி லீலாகுமாரி அம்மா நீதிமன்றம் போனார். 2011 ஏப்ரல் 25, ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கூடிய நாள். அன்று முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் பாளையம் ரத்தசாட்சி மண்டபத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நான் வேலைக்குப் போகும் வழியில் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அந்த வாரமே உலகத் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. மே 13 உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த ஐ.எஸ். 10500 புதுப் பதிப்பில் எண்டோசல்ஃபானுக்குத் தனி வரிசை: லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். தெளித்து முடித்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

அந்த 2012 பதிப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது ட்ரைக்ளோர்எத்திலீனை. இல்லை. பிசிபி இருந்தது, 0.0005 மில்லிகிராம். ஈயம் 0.05இலிருந்து 0.01க்கு இறங்கியிருந்தது, அதற்குத் தளர்வும் இல்லை. வாசனைக்கு நேரே ‘ஆட்சேபணைக்கு இடமில்லாதது’ போய் ‘ஏற்கத்தக்கது’ வந்திருந்தது. பிஎஃப்ஏஎஸ் என்ற கூட்டத்தின் பெயரே அதில் இல்லை.

அந்தப் பெயரை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கார்பனும் ஃபுளோரினும் இறுக்கிக்கொண்ட பொருள்கள். ஒட்டாத தவா, மழை நனைக்காத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், விமான நிலையத் தீயணைப்பு நுரை. குரோம் தொட்டியிலிருந்து அமில ஆவி எழாமல் அடக்க ஊற்றுகிறதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ்தான் என்று வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மணமே இல்லாத பொருள். கேனை அன்றே கண்ணாடிக் குப்பிக்கு மாற்றியிருந்தாலும் என்னால் பார்த்திருக்க முடியாது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் பக்கம், டெஃப்லான் செய்ய 1951 முதல் அதே குடும்பத்துப் பிஎஃப்ஓஏவைப் பயன்படுத்திய டூபான்ட் ஆலை இருந்தது. டெனன்ட் என்ற மாட்டுக்காரர் ஓடைநீர் குடித்த தன் மாடுகள் சாவதைக் கண்டு, ராப் பிலட் என்ற வக்கீலிடம் போனார், 1999இல் வழக்கு. அதன் பின்விளைவாக ஏறத்தாழ 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 2012இல் அறிவியல் குழு சிறுநீரகப் புற்றும் தைராய்டு நோயும் உட்பட ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்றது. எண்ணைப் பாருங்கள். 2016இல் அமெரிக்க அரசு நிறுவனம் லிட்டருக்கு 70 நானோகிராம் என்று அறிவுரை சொன்னது. 2022இல் பிஎஃப்ஓஏவுக்கு 0.004. எந்தக் கூடத்தின் கருவியும் வாசிக்க முடியாத எண் அது. 2024 ஏப்ரலில் சட்ட வரம்பாக 4 என்று வைத்தார்கள். பாதுகாப்பான இலக்கு பூஜ்யம் என்று அதே ஆவணம் சொல்கிறது. கருவி நம்பிக்கையாக வாசிக்கிற இடத்தில் கோட்டைப் போட்டார்கள். 1991 அட்டவணையின் ‘இல்லை’ மறைத்துவைத்ததை இவர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

4 நானோகிராம் என்றால் 25 கோடி லிட்டரில் 1 கிராம். திருவனந்தபுரத்துக்கு அருவிக்கரையிலிருந்து ஒரு நாளைக்கு வருகிற தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதில் ஒரு சிட்டிகை உப்பளவு. வெள்ளயம்பலத்து மணலும் குளோரினும் இதைத் தொடாது. கரித்துகள் படுகையோ எதிர்ச்சவ்வூடு வடிகட்டியோ வேண்டும். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், பொருள் அடியில் நின்று இன்னும் அடர்த்தியாகும். கரிங்காலித் தண்ணீர் கொடுத்து வளர்த்த ஊருக்கு இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இத்தாலியின் திரிசினோவில் மிதேனி என்ற ஆலை, வெனேட்டோ வட்டாரத்தில் லட்சக்கணக்கான மக்களின் குடிநீரைக் கெடுத்த வழக்கில் சிக்கி 2018இல் மூடியது. 2025 ஜூனில் அதன் முன்னாள் நிர்வாகிகள் பதினொரு பேருக்குத் தண்டனை. அந்த ஆலையின் இயந்திரங்களைப் பிரித்துக் கப்பலேற்றி மகாராஷ்டிரத்தின் லோட்டே பரசுராமில் இறக்கியிருக்கிறார்கள். நம்முடைய இதே அரபிக்கடல் கரை. இயந்திரம் வந்துசேர்ந்த நாட்டில் அந்தப் பொருளுக்குக் குடிநீர் அட்டவணையில் வரிசை இல்லாதபோது எதை வைத்து யார் கேள்வி கேட்பது? சென்னை நீர்நிலைகளில் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தப் பொருள்களைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலோ பாப்பனம்கோட்டு தேசிய ஆய்வகம் டையாக்சின் என்ற நச்சை அளக்கவே தனிப் பிரிவு நடத்துகிறது. அளக்கத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன. அருவிக்கரையில் தொடங்கலாம். விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் பக்கத்துக் கிணறுகள், 2000 முதல் 2011வரை நகரத்துக் குப்பையெல்லாம் போன விளப்பில்சாலையைச் சுற்றிய கிணறுகள், பழைய முலாம் பட்டறை இருந்த ஒவ்வொரு மதிலுக்கும் அடுத்த வீடு. அளந்த எண்களை முதலில் அந்தந்த வீட்டில் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவை 1997இல் மறுபடி பார்த்தேன். ஓணத்துக்கு முந்திய சனிக்கிழமை, கம்போளத்தில் ஏத்தன்குலை வாங்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். மோள் நல்லது என்று எழுதித் தந்ததால் பேரக்குழந்தைகளுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் கொடுக்கிறோம் என்றார். அதற்குள் கரைப்பான்களைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருந்தேன். கூட்டத்தை விட்டு ஓரமாகக் கூட்டிப்போய், அந்தக் கிணறு வேண்டாம், குழாய் இணைப்பு வாங்குங்கள், கொதிக்கவைத்தாலும் போதாது என்றேன். வீட்டுக்காரர் நம்பமாட்டார், முதல் காகிதம் கையெழுத்தோடு பெட்டியில் இருக்கிறது என்றார். பிறகு, இப்போது சொன்னதையும் அதே மாதிரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.